குடை எடுக்கப் போனவர்

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில் செண்பகவல்லி. வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் தூக்குச்சட்டியோடு, அவள் கணவர் குத்தாலிங்கம். சுழல் நாற்காலியில் மனோவசிய சிகிச்சை செய்யும் ஞானசிகாமணி. ஜன்னலோர முக்காலியில் ஞானசிகாமணியின் முற்பிறவி. பெயர் சீனியப்பன். முன்பதிவு செய்யாமல் வந்திருந்தார். அவர் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில்.

குத்தாலிங்கம் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு டப்பா பசை இருக்கும்.

"நிக்கா சார்," என்றார் அவர். "பஸ் வந்து போன பொறவும் நிக்கா. ரேசன் கடையப் பூட்டுன பொறவும் நிக்கா. வீட்டுக்கு வாடின்னா, 'இருங்க, அவரு வந்திரட்டும்'ங்கா. அந்த அவரு நானில்ல சார்."

"எத்தனை நாளா?"

"கல்யாணத்துக்கு மறுநாள்ல இருந்து. பதினோரு வருசம்."

ஞானசிகாமணி குறித்துக்கொண்டார். எதையும் முறைப்படி செய்கிறவர். வயது நாற்பத்தேழு. வீட்டுச் சாவி ஒன்றே ஒன்றுதான். அதை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

பத்திலிருந்து ஒன்று வரை எண்ணுவது அவர் வழக்கம். ஓர் எண்ணுக்கு ஒரு படி. நோயாளியைத் தனியே அனுப்பாமல் கூடவே இறங்குவார். அன்றும் இறங்கினார். ஒன்றுக்குக் கீழும் படிகள் இருந்தன. அவற்றுக்கு எண் இல்லாததால் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை இருமிக்கொண்டார். குத்தாலிங்கம் தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்கும் பின்னால் குடையோடு சீனியப்பன்.

கீழே ஆறு. பரிசல்துறை. துறைக்கல்லில் செண்பகவல்லி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய இடது செருப்பின் வார் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அந்த முடிச்சைப் பார்த்ததும் ஞானசிகாமணி குனிந்து தன் காலைப் பார்த்தார். அது அவர் போடும் முடிச்சு. காலையில்தான் தன் செருப்புக்கும் அதையே போட்டிருந்தார்.

"வந்துட்டியளா?" என்றாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். "குடை எங்க?"

குடை சீனியப்பனிடம் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீர் குடை எடுக்கத்தானே போனீர்?" என்றார் ஞானசிகாமணி.

"ஆமா."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்புறம்?"

"மழை விட்டிருச்சு. வெயில்ல குடையோட வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு."

"அதுக்காக ஒரு பிறவி முழுக்க வராம இருப்பாங்களா?"

"திரும்ப மழை வரட்டும்னு பாத்தேன்."

துறையில் ஒரு மேசை இருந்தது. அதன் பின்னால் ஓர் அதிகாரி இருந்தார். காதைக் குடைந்துகொண்டே, "காத்திருப்பை முடிக்கணும்னா எழுத்துல வரணும்," என்றார். "வாய்ல சொன்னா செல்லாது. போறப்ப 'இரு, குடை எடுத்துட்டு வந்துடறேன்'னு வாய்லதானே சொன்னாரு, வந்தாரா?"

"இவர் எழுதித் தரட்டும்," என்றார் ஞானசிகாமணி, சீனியப்பனைக் காட்டி.

"பழைய ஆள் கையெழுத்து செல்லாது. நடப்பு ஆள் எழுதணும்."

"பக்கத்துலதான் நிக்கிறாங்க. கையில கொடுத்துடறேனே."

"தபால்லதான் போகணும். இந்தச் சாக்குல விழுந்ததும் சேர்ந்த கணக்கு."

ஞானசிகாமணி பேனாவைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். எந்தப் பிறவியிலும் தன்னை எதிர்பார்த்து நிற்கும் ஒரே ஆள் இவள். எழுதிவிட்டால் அதுவும் இல்லை. எழுதாவிட்டால், என்றைக்காவது மழை பெய்யும் ஒரு நாளில் குடையோடு வந்துவிடலாம். பேனா முனை காய்ந்தது. உதறினார். மறுபடியும் காய்ந்தது.

குத்தாலிங்கம் நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், அவளுக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. தெனமும் நாந்தான் எண்ணெ தேச்சு விடுதேன். அப்பவும் நின்னுகிட்டேதான் இருக்கா."

ஞானசிகாமணி எழுதினார். பள்ளிக்கூடத்தில் படித்த முறை. அனுப்புநர். பெறுநர். பொருள்: குடை. அம்மையீர், நான் வரவில்லை. வரவும் மாட்டேன். வீட்டுக்குப் போகவும். இப்படிக்கு, தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்த்திருக்கும், ஞானசிகாமணி.

கடைசி வரி கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. கடிதம் என்றால் அப்படித்தான் முடிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பில் மதிப்பெண் குறைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடிக்கப் போனார்.

"அடித்தல் திருத்தல் கூடாது," என்றார் அதிகாரி.

"வேற தாள்?"

"ஒரு பிறவிக்கு ஒண்ணு."

குத்தாலிங்கம் பசை டப்பாவைத் திறந்தார். லேபிள் ஒட்டுகிற அதே வேகத்தில் உறையை ஒட்டி, கட்டைவிரலால் நீவிவிட்டார். அதிகாரி வாங்கிச் சாக்கில் போட்டார்.

செண்பகவல்லி இடுப்பில் கைவைத்து முதுகை நெளித்தாள். "தூக்குல என்ன?" என்றாள்.

"புளிச்சோறு."

"துவையலு?"

"அரைக்க நேரமில்ல."

"பதினோரு வருசமா நேரமில்லயாக்கும்." துறைக்கல்லிலேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, புருசனோடு படியேறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை இந்தமுறை அவள் தூக்கிக்கொண்டாள்.

சீனியப்பன் குடையை ஞானசிகாமணியின் கையில் கொடுத்துவிட்டுப் பரிசலில் ஏறிக்கொண்டார்.

"நீங்க மேல போகலியா?" என்றார் அதிகாரி.

"இருங்க," என்றார் ஞானசிகாமணி. "பதில் வந்திரட்டும்."

அதிகாரி சாக்கின் வாயைக் கட்டி, சீனியப்பன் மடியில் வைத்தார். பரிசல் ஒருமுறை சுற்றி, கடிதத்தோடு அக்கரைக்குக் கிளம்பியது.