பேச்சின் பாரத்தில் இறங்கிய கட்டடம்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டன்லோ ஊரில், கறுப்பினப் பெண்கள் சங்கத்தின் நூலகம் ஒரு வசந்த காலத்தில் முழங்கால் அளவு மண்ணுக்குள் இறங்கியது. நூலகத்தைப் பார்த்துக்கொண்ட வெர்லீனா டிஸ்டேல் அங்கே சேர்த்து வைத்த பேச்சுகளின் பாரம்தான் காரணம். பெண்கள் கூடிப் பேசிவந்த இணையத்தளம் ஒன்றை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒவ்வொருத்தியிடமும் அனுமதி கேட்டு, எல்லாவற்றையும் நூலகக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தாள். பழைய படத்தைப் போட்டு ஒருத்தி, "இந்த நர்ஸ் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டிருப்பாள். "எங்க பெரியம்மா. வாய் ஜாஸ்தி, ஆனா பாட்டு அருமை" என்று வேறு மாநிலத்திலிருந்து பதில் வந்திருக்கும். பாடப்புத்தகம் சீண்டாத பெண்கள். அவர்களுக்கு இவ்வளவு எடை இருக்கும் என்று யார் கண்டது? வெர்லீனாவின் காலஞ்சென்ற அம்மா அர்லீதாவும் அதில் இருந்தாள். துணி துவைத்துப் பிழைத்த அவள், முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சலவைக் கொட்டகையில் எழுத்தும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்; அந்த ஒருத்தியே எழுதியிருந்தாள். மகளுக்கே தெரியாத சேதி. வெர்லீனா அன்று சந்தோஷத்தில் அழுதாள்; கட்டடம் இன்னொரு படி இறங்கியது.

பொறியாளர் வந்து பார்த்தார். சனிக்கிழமைக்குள் அந்தப் பேச்சுகளை அழித்துப் பாரத்தைக் குறைக்காவிட்டால் கட்டடத்துக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத்துப் பெண்கள் கூடினார்கள். கூடினால் சாப்பாடு உண்டு. சாப்பிட்டவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது, தட்டில் வைத்து அலுமினியத் தாள் மூடிக் கொடுத்தாக வேண்டும். அப்படி மூடிக்கொண்டிருந்தபோதுதான் வெர்லீனாவுக்கு வழி புலப்பட்டது. பேச்சுகளைக் கணினியிலிருந்து எடுத்துப் பென்டிரைவ்களில் பிரித்துப் போட்டு, வறுத்த கோழிக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"ஏண்டி, இது கோழியா பாறாங்கல்லா?" என்றாள் பொருளாளர் லுடெல், தட்டைத் தூக்க முடியாமல்.

"உள்ள நாலஞ்சு மருத்துவச்சிங்க இருக்காங்க. பாத்துத் தூக்கு."

தட்டுகள் போகப் போகக் கட்டடம் மேலே வந்தது. கடைசியில் அர்லீதாவைப் பற்றிய பேச்சு இருந்த தட்டு மட்டும் மிஞ்சியது. வெர்லீனா குடியிருந்தது ஒரு பழைய மரவீட்டின் மாடியில். அந்தத் தரை தாங்காது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தன் தட்டைக் காரில் வைத்துவிட்டு லுடெல் திரும்பி வந்தாள்.

"அதையும் குடு."

"எங்கம்மாடி இது."

"தெரியும். எங்க வீடு தரையிலதான இருக்கு? எறங்கினா எறங்கட்டும் போ."

வெர்லீனா தட்டை அவளிடம் கொடுத்தாள். லுடெலின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அர்லீதாவைத் தெரிந்தவர்கள் இப்போது லுடெல் வீட்டுக்கே வந்து அவளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். லுடெல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறாள். வீடு ஜன்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. ஞாயிறுதோறும் வெர்லீனா ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி அம்மாவைப் பார்க்கிறாள். செருப்பைத் துடைத்துவிட்டு வரச் சொல்வாள் லுடெல், அவ்வளவுதான்.