படுக்கும் தக்கை

"இன்னும் கொஞ்சம் தவுடு போடு. கொக்கியில நிக்கணும், தண்ணில கரையணும். ரெண்டும் வேணும்" என்றார் வேதகிரி, கட்டிலில் படுத்தபடியே.

ஆதிலட்சுமி கடலைப் புண்ணாக்கோடு தவிட்டைச் சேர்த்துத் தூண்டில் மாவு பிசைந்தாள். கணவரின் கைக்கு இப்போது அந்தப் பலம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லி நான்கு நாளாயிற்று. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் வாயில் பால் ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.

"ஊத்தி ஊத்தி என்னை கன்னுக்குட்டியா ஆக்கிட்டானுங்க. ஆத்தாண்ட இட்டுக்கினு போ ஆதி. ஒரு கெண்டை புடிச்சா போதும்."

அவர் தம்பி வரதன் பால் டம்ளரோடு வாசற்படியில் நின்றான்.

"வேணாம் அண்ணி. வெளிய உசுரு போச்சின்னா ஊருக்குள்ள எடுத்தாற முடியாது. எல்லையிலயே பந்தல் போட்டு அங்கேர்ந்தே தூக்கிக்கினு போயிடுவாங்க. இது அவரு கையால கட்டுன வூடு. இங்கேர்ந்து போவ வேணாமா?"

"எங்க சாவறதுன்னு நீ பிளான் போட்டுக் குடுக்காதடா" என்றார் வேதகிரி. முப்பது வருஷம் கொத்தனார் மேஸ்திரியாக இருந்தவர்.

ஆதிலட்சுமிக்கும் அதே பயம்தான். மாவு உருண்டையை டப்பாவில் போட்டு மூடினாள். தெருவில் நின்ற ஆட்டோக்காரனுக்குக் குரல் கொடுத்தாள்.

"சாம்சன், ஆட்டோவத் திருப்பு."

கத்திரி வெயிலிலும் செய்யாற்றுத் தடுப்பணைக்குக் கீழே ஒரு மடு வற்றாமல் கிடந்தது. புங்க மரத்து நிழலில் அவரை இறக்கினார்கள். ஆதிலட்சுமி உட்கார்ந்து, தன் தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டாள். கல்யாணமான நாள் முதல் அவர் கொண்டுவரும் மீனை மட்டுமே பார்த்தவள். தண்ணீரில் தூண்டில் என்ன செய்கிறது என்று பார்த்ததில்லை.

அவர் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மயிலிறகின் தண்டுதான் தண்ணீரில் மிதக்கும் தக்கை. கொக்கிக்கு நாலு விரல் மேலே ஒரு ஈயக் குண்டு. சுவருக்குத் தூக்குக் குண்டு விட்டுப் பார்ப்பதுபோல முதலில் மடுவின் ஆழத்தை அளக்க வேண்டும். குண்டு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அதன் கனம்தான் தண்டை நிமிர்த்தி வைத்திருக்கிறது.

"ஜிலேபி மீனு கடிச்சா தக்கை முழுகும். எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கினு இருப்பானுங்க. கெண்டை அப்டியில்ல. தலை கீழா வந்து மாவ உறிஞ்சிட்டு நிமிரும். நிமிரும்போது குண்டையும் தூக்கிடும். கனம் போனா தக்கை இன்னா பண்ணும்?"

"மேல வரும்."

"வந்து படுத்துக்கும். அப்பதான் இழுக்கணும். அவசரப்படாத."

அவர் சொன்னபடி மாவைக் கோத்து அவள் தூண்டிலை வீசினாள். ஒரு மணி நேரம் தக்கை நின்றது. மீன்கொத்தி ஒன்று இரண்டுமுறை குதித்து வெறுமனே போயிற்று.

"நம்மளவிட அதுக்கு அவசரம்" என்றார் அவர்.

பிறகு பேசவில்லை. அவள் தோளில் கனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

"மேஸ்திரி" என்றாள். வீட்டில் கேலிக்குக் கூப்பிடும் பெயர். தலை அவள் கழுத்தோரம் சரிந்தது. மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள்.

தண்டு மெல்ல மேலே வந்தது. சாய்ந்தது. தண்ணீரின்மேல் படுத்துக்கொண்டது.

இடது கையால் அவரை அணைத்துக்கொண்டே வலது கையால் கோலைத் தூக்கினாள். தூண்டில் நரம்பு விறைத்து ஓடியது. அது ஓடுகிற பக்கம் கோலை விட்டுக் கொடுத்து, களைத்ததும் கரைக்கு இழுத்தாள். முழங்கை நீளக் கெண்டை. அதுவரை அவரைக் கீழே சாய விடவில்லை.

சாம்சன் ஓடிவந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். தயங்கிச் சொன்னான்.

"அக்கா, தூங்கறாருன்னு சொல்லிடலாம். வூட்டாண்ட வந்தப்புறம் போச்சின்னா யாருக்குத் தெரியப் போவுது?"

"இன்னாத்துக்கு? திருட்டு மீனா புடிச்சாரு? பக்கெட்ல தண்ணி மொள்ளு. மீன் சாவக்கூடாது."

எல்லையம்மன் கோயிலருகே வரதனும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். ஆட்டோ நின்றது.

"அண்ணி, அவருக்கு மூச்சு கீதா?"

"இல்ல. ஆத்தாண்டயே போச்சி."

வரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்றவர்களில் மூத்தவர் சொன்னார். "அப்ப இங்கியே எறக்கும்மா. பந்தலுக்கு ஆள் அனுப்பறோம். மொறைன்னு ஒண்ணு கீதில்ல?"

"கீது. அவரு வச்ச சொவுத்துக்குள்ள ஒக்காந்துக்கினுதான நீங்க எல்லாம் மொற பேசறீங்க? நம்ம தெருவுல அவரு கட்டாத வூடு ஒண்ணு காட்டுங்க. அந்த வூட்டு வாசல்ல எறக்கறேன்."

அவரவர் பார்வை அவரவர் வீட்டுப் பக்கம் போய் வந்தது.

"ஆரன் அடிச்சிக்கினே போ சாம்சன். எல்லாரும் பாக்கட்டும்."

வீட்டில் அவளும் சாம்சனும்தான் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அவள் தூண்டிலைச் சுவரில் சாய்த்து, பக்கெட்டை வாசற்படியில் வைத்தாள். இன்றைக்கு இந்த வீட்டில் அடுப்பு எரியாது. பெண்கள் தெருவிலேயே தயங்கி நின்றார்கள். பிறகு ஒருத்தி உள்ளே வந்தாள், அப்புறம் இன்னொருத்தி. அழுகை தொடங்கியது.

வரதன் படிக்கு வெளியே நின்றான். கெண்டை வாலால் பக்கெட்டை அடித்தது.

"தூண்டில்ல இன்னா வச்சாரு?" என்று கேட்டான்.

"தவுடும் புண்ணாக்கும். நாலு விரல் மேல குண்டு."

வெயில் படியேறிப் பக்கெட்டுக்கு வந்திருந்தது. வரதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செருப்பைக் கழற்றினான். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலுக்கடியில் நிழலில் வைத்தான்.