குறுக்களவு

காரை வாங்கப் பல் டாக்டர் வந்து இறங்கியபோது, மெக்கானிக் ஷெட்டுக் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்திருந்தான். மருந்துக்கடைக்கு வேலைக்குப் போன மனைவி திரும்புவதற்குள் காரைத் தள்ளிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம்.

நீலநிறக் கார். அப்பா காலத்துப் பந்தயக் கார் ஒன்றின் நகல். அசலை வாங்க ஏழு தலைமுறை சம்பாதித்தாலும் முடியாது என்பதால், குழாய் குழாயாக வெட்டிப் பற்றவைத்து இவனே கட்டியது. கட்டியவன் இவன், ஓட்டியவள் அவள். வளைவில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே இவன் கால் பிரேக்குக்குப் போய்விடும். அவளோ ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் புருஷன் என்று ஒருத்தன் இருப்பதையே மறந்துவிடுகிற ரகம்.

போன மழையில், பந்தயத்தின் நடுவே கார் பம்பரமாகச் சுழன்று புல்தரையில் நின்றது. ஒரு கீறல் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற இவனுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. எனக்குப் பயமா இருக்கு, ஓட்டாதே என்று சொல்லியிருக்கலாம். பெரிய ஆம்பிளை, வாய் வரவில்லை. மறுநாள் காருக்கு அடியில் புகுந்து அடிச்சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவந்து, "சேசிஸ் கோணிப்போச்சும்மா, இனி பந்தயத்துக்கு ஆகாது," என்றான்.

அவள் நம்பினாள். வண்டி விஷயத்தில் அவன் சொன்னால் அவளிடம் மறுபேச்சு கிடையாது. நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "ராத்திரி பகலா கட்டினீங்க, ஒரே நாள்ல நாசம் பண்ணிட்டேனே," என்று தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். இவன் அவளுக்குச் சமாதானம் சொன்னான்! "போனாப் போகுது விடு" என்று பெருந்தன்மை வேறு. அதை நினைத்தால் இப்போதும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதன் பிறகும் எத்தனையோ தடவை அவள் மன்னிப்புக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இவன் மன்னித்தான்.

பாகம் பாகமாக விற்றுவிடலாம் என்று அவளிடம் சொன்னவன், விளம்பரத்தில் மட்டும் 'பந்தயத்துக்குத் தயார்' என்று போட்டான். தான் கட்டிய வண்டியைக் கோணல் என்று ஊருக்குச் சொல்ல மனசு வரவில்லை.

டாக்டர் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு முழுசாகத் திறந்தது. மனைவி.

"இன்னைக்குப் போயிடுமேன்னு லீவு சொல்லிட்டு வந்தேங்க. ஒரு தடவ பாத்துக்கறேன்."

"பந்தயத்துக்குத் தயார்னு போட்டிருந்தீங்க," என்று டாக்டர் நிமிர்ந்தார். "சேசிஸ் நேரா இருக்கில்ல?"

அவள் அவனைப் பார்த்தாள். அதே பொய்யை அவள் எதிரில் இன்னொரு தடவை சொல்ல அவனால் முடியவில்லை.

"நேராத்தான் சார் இருக்கு."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"எதுக்கும் அளந்துடுவோம்," என்று டாக்டர் டேப்பை எடுத்தார். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் நேர். "நான் பிடிக்கிறேன்," என்று டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு அவள் முன்பக்கம் மண்டியிட்டாள். முதல் குறுக்கை அளந்தாயிற்று. இரண்டாவது குறுக்குக்கு நுனியைச் சரியான இடத்தில் வைத்தவள், அவனையே பார்த்தபடி அதை ஒரு கட்டைவிரல் அகலம் நகர்த்தினாள்.

"வித்தியாசம் காட்டுதே!" என்றார் டாக்டர் பின்னாலிருந்து.

"காட்டும் சார். மழையில நான்தான் சுத்தவிட்டேன். கோணிப்போச்சுன்னு இவர் அன்னைக்கே சொன்னாரு. வண்டி விஷயத்துல இவர் பொய் சொல்லமாட்டாரு."

டாக்டர் அவனைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அப்புறம் எதுக்குய்யா என்கிட்ட நேரா இருக்குன்னீங்க?"

இன்னொரு தடவை அளந்தால் தெரிந்துவிடும். அவன் அளக்கச் சொல்லவில்லை.

"தப்புதான் சார்," என்றான். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

டாக்டரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. அவள் கைப்பையிலிருந்து பந்தயக் கையுறைகளை எடுத்தாள். காரோடு சேர்த்துக் கொடுத்துவிடத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டு, அவள் உடம்புக்கென்றே அவன் வார்த்த இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். தோள் பெல்ட்டை அந்த இருக்கையில் இருந்துகொண்டு முழுசாக இறுக்க முடியாது, வெளியே நிற்பவர்தான் இழுத்து இறுக்க வேண்டும். எப்போதும் அது அவன் வேலை.

நேரே முன்னால் பார்த்தபடி பெல்ட்டின் நுனியை அவன் பக்கம் நீட்டினாள்.

"இறுக்குங்க."

அவன் வாங்கிக்கொண்டான். ஒரு காலை வண்டியின் விளிம்பில் ஊன்றி இழுத்தான்.