காலியாகக் கிடந்த இரண்டு வளைவுகள்

வரைபடம் ஒப்புதலான நாளிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகரசபைக் குழுவில் ஏழு பேரும் கை தூக்கியிருந்தார்கள். பழைய சதுக்கத்தின் நடுவில் நிற்கும் மணிக்கூண்டுக்குப் பின்னால், தரைக்குக் கீழே பொதுக் கழிப்பறை. பதினாறு படி இறங்கிப் போக வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு கல் மேடைதான் தெரியும். முந்நூறு வருஷத்துக் கல் வளைவுகள் நாலு பக்கமும் நிற்கிற இடத்தில் இதைவிட அடக்கமாகக் கட்ட முடியாது என்று பாரம்பரியக் கட்டட அதிகாரியே பாராட்டினார். கட்டடக் கலைஞராக இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

ஆனாலும் என்னவோ உறுத்தியது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் வரைபடத்தை விரிப்பாள். பாஸான பரீட்சையை எதற்குத் திரும்ப எழுதுகிறாய் என்று கணவர் கிண்டல் பண்ணினார்.

உறுத்தல் இன்னதென்று சொன்னவர் நாத்தனார். கணவருக்கு அக்கா. சதுக்கத்து வளைவுகளுக்குள்ளேயே கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே வரைபடத்தைப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா நான் போகமாட்டேன்."

"ஏன்க்கா?"

"யார் கண்ணுலயும் படாத இடம். கீழ எவன் நிக்கிறான்னு மேல இருந்து தெரியுமா? நீ தனியா இறங்குவியா?"

நாத்தனார் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. கடையைச் சாத்தும்வரை அப்படித்தான். இரண்டு தடவை சிறுநீரில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அதனால்தான். உடம்புச் சூடு என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவளும்தான்.

மறுநாள் காலையிலேயே சதுக்கத்துக்குப் போய் உட்கார்ந்து, வழக்கம்போலத் தண்ணீர் குடித்தாள். பதினோரு மணிக்குக் காலை மாற்றிமாற்றிப் போட்டாள். பன்னிரண்டுக்கு எழுந்து வளைவுகளைச் சுற்றி நடந்தாள். அப்படி நடந்தபோதுதான் காய்கறிக் கடைகளை ஒட்டி இரண்டு வளைவுகள் காலியாகக் கிடப்பதைக் கவனித்தாள். எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள மூலை. ஒரு மணிக்கு, வரையவும் பொறுமையில்லாமல், வாடகை வண்டி பிடித்து வீட்டுக்கு ஓடினாள்.

தன் வரைபடத்தைத் தானே திரும்பப் பெறுவதாகவும், அந்தக் காலி வளைவுகளுக்குள் கழிப்பறை கட்டலாம் என்றும் அவள் கடிதம் கொடுத்ததும் நகரசபைத் தலைவர் கொதித்துப்போனார். பாரம்பரிய அதிகாரியோ, கழிப்பறைக் கதவு சதுக்கத்தின் முகத்திலா என்று கேட்டுவிட்டு, பிறகு அவள் பக்கமே திரும்பவில்லை.

சந்தை நாளன்று அவள் தச்சரைக் கூட்டிவந்து, அந்த இரண்டு வளைவுகளுக்குள் ஒட்டுப்பலகையால் முழு அளவு மாதிரி ஒன்றை நிறுத்தினாள். கதவுகள் வளைவுக்கு நாலடி உள்ளே தள்ளி இருந்தன. அதிகாரி வந்தார். நாலு திசையிலிருந்தும் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

"உங்க காத்துப்போக்குக் குழாய் இந்தக் கல்லுல கறை பிடிக்க வைக்கும். கூரை வழியா எடுங்க," என்றார் கடைசியில்.

அது சரிதான். அவளுக்குத் தோன்றாமல் போயிருந்தது.

"எடுத்துட்டா ஒத்துக்குவீங்களா சார்?"

"எனக்குப் பிடிக்கல. ஆனா எதிர்த்து எழுதமாட்டேன்."

மறு வாக்கெடுப்பில் நாலுக்கு மூன்று. ஒன்பது மாதத்தில் கட்டி முடித்தார்கள். திறந்த அன்று தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் கடையைப் பக்கத்துக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் வெளியே நிலைகொள்ளாமல் நின்றாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நாத்தனார் வந்தார்.

"எப்படிக்கா?"

"நல்லாருக்கு. பை மாட்டுற கொக்கிதான் உனக்கு எட்டுற உயரம், எனக்கு எட்டல. கழுத்துல மாட்டிக்கிட்டே உக்காந்தேன்."

தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.