பொன்மல்லாட்டை கம்பெனி இறந்த விவரம்

இழுத்துப் பூட்டி இரண்டு வருடம் ஆன பொன்மல்லாட்டை ஆயில் பிரைவேட் லிமிடெட், 2023 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திண்டிவனத்தில் ஜெகதீசன் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தது. முகம் என்று ஒன்றும் கிடையாது. ஆள் உயரம், வேர்க்கடலைப் புண்ணாக்கு வாசனை. கூடத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது. வெளியே நல்ல மழை, அதன் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை என்பதைப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளும் பார்த்தாள்.

ஜெகதீசன் கம்பெனியை மூடியது தனக்குத் தெரிந்த முறையில்தான். பூசணிக்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, எண்ணெய்ச் செக்கு மோட்டாருக்கு ஒரு கும்பிடு போட்டு, சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்தார். விட்டது தொல்லை என்று நினைத்தார். பதிவுக்கு இரண்டு டைரக்டர் வேண்டும் என்றதும் ஊரில் எல்லோரும் செய்வதுபோல மனைவி பெயரைப் போட்டிருந்தார். அவளும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், என்ன ஏது என்று கேட்கவில்லை. சித்ரா என்ற அவள் பெயர் அந்தக் காகிதங்களில்தான் அதிகம் புழங்கியது. வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மா, அவருக்கு 'இந்தா'. இருபத்தாறு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

வந்த கம்பெனி அவளைத்தான் பிடித்தது. இரண்டாம் வாரம் கோவிந்தம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், சித்ரா திரும்பவில்லை. தபால்காரர் கம்பெனி பெயரைப் படித்ததும் எழுந்து போனாள். கார்த்திகையில் அவள் வாயைத் திறந்தால் மோட்டார் ஓடும் சத்தம் வந்தது. கண்ணெதிரே பெண்டாட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகிறது, எழுதிக் கொடுத்த பாவி தான்தான் என்று ஜெகதீசன் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் போய்ச் சொன்னதைக் கேட்டு விழுப்புரம் ஆடிட்டர் தமிழ்மணி ஆச்சரியப்படவில்லை. கூட்டேரிப்பட்டில் ஒரு கோழிப்பண்ணைக் கம்பெனி அண்ணன் தம்பி இருவரையும் கொண்டுபோனதைப் பார்த்தவர் அவர்.

"பொறந்ததுக்கு சர்ட்டிபிகேட் வாங்கினீங்க இல்ல? அது சாவறதுக்கும் பேப்பர் வேணுங்க. பூசணிக்கா உடைச்சா அதுக்கு என்னா தெரியும்? உட்டுப்போன ரிட்டர்னெல்லாம் போட்டுட்டு, பேங்க் அக்கவுண்ட்ட மூடிட்டு, ரிஜிஸ்டர்லருந்து கம்பெனி பேர நீக்கச் சொல்லி மனு போடலாம். ஆனா பிரமாணப் பத்திரத்துல உங்க வீட்டம்மாவும் அவங்க கையாலதான் கையெழுத்து போடணும். ஜல்தியா அழைச்சிக்கினு வாங்க."

நோட்டரி மேசையில் அவள் கை கம்பெனி பெயரையே எழுதியது. இரண்டு பத்திரம் வீணாயிற்று. மூன்றாவதை ஜெகதீசன் நீட்டினார்.

"சித்ரா," என்றார். அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. "சித்ரா, எனக்கு பயமா இருக்குது. நீ வந்துடும்மா."

மோட்டார் இரண்டு முறை திணறி நின்றது. அவள் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.

அதன் பிறகும் ஆடி வரை கம்பெனி நாற்காலியை விடவில்லை. ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வந்து, கெடு முடிய வேண்டுமே. அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டார்கள். பெயர் நீக்கிய அரசிதழ் வந்த அன்று ஜெகதீசன் வரி விடாமல் அதற்குப் படித்துக் காட்டினார். முழுவதும் கேட்டது. படித்து முடித்தபோது நாற்காலி காலியாக இருந்தது. இருவரும் தலை முழுகினார்கள். பதினாறாம் நாள் நாலு பேருக்குச் சோறு போட்டார்கள். யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெகதீசன் இன்றும் விடிந்ததும் அடுப்படி வாசலில் நின்று, "சித்ரா" என்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்ப்பார். "என்னாங்க" என்று அவள் குரல் வந்த பிறகுதான் பல் விளக்கப் போவார்.