வெள்ளைத் தகட்டுக்கு ஒரு கையெழுத்து

சுந்தர்ராஜின் கண்ணைப் பற்றி ஆம்பூரில் தோல் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரில் தோல் ஷாப் என்று சொல்லும் தோல் பதனிடும் தொழிற்சாலையில், ஃபினிஷிங் பக்கம், இருபத்திரண்டு வருஷமாக நிறம் பார்க்கிறவர். பழுப்பில் சிவப்பு ஒரு சொட்டு கூடிவிட்டால் போதும், மிஷின் கண்டுபிடிப்பதற்கு முன்பே இவர் மூக்கைச் சுளித்துவிடுவார். ஒருமுறை தோல் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் இரண்டு தோல் துண்டுகளை நீட்டி, இரண்டும் ஒரே நிறம் என்று அடித்துச் சொன்னார். இவர் இல்லை என்றார். ஜன்னலோரம் கொண்டுபோய்க் காட்டி, அவரையே ஒப்புக்கொள்ளவும் வைத்தார். அந்தக் கதையைக் கேட்டவர்களுக்குச் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குச் சொந்தக்காரர் தன் வீட்டுக் கூரைக்கு நிறம் தேர்ந்தெடுக்க இன்னொருத்தரிடம் யோசனை கேட்பாரா? கேட்கவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வீடு வேலூர் சத்துவாச்சாரியில். கீழே கான்கிரீட் தளம் போட்ட பகுதியில் எப்சி டீச்சர் குடும்பம் வாடகைக்கு இருந்தது. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின், நமக்கு இது போதும் என்று சுந்தர்ராஜும் மனைவி பொன்மலரும் மாடிக்கு ஏறிவிட்டார்கள். மாடியில் இரண்டே அறை, மேலே தகரம். பொன்மலர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எட்டு மாசமாகக் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நைட் டூட்டி. கையகலக் குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பால் கொடுத்து, மூச்சு எண்ணி, விடிந்ததும் ஒவ்வொன்றின் ரிப்போர்ட்டிலும் நன்றாகத் தூங்கியது என்பதற்கு ‘ஸ்லெப்ட் வெல்’ என்று கடைசி வரி எழுதிவிட்டு வீட்டுக்கு வருவாள். அந்த வார்டென்றால் அவளுக்கு உயிர். கேட்டு வாங்கிய வார்டு அது.

“இந்தப் பகல்ல ரெண்டு மணி நேரம்கூட கண்ண மூட முடியலங்க. தூக்கமில்லாம அந்தக் கொழந்தைங்ககிட்ட போய் நிக்க பயமா இருக்குது. இப்பிடியே போச்சுன்னா ஜூன்லருந்து ஓ.பி.க்கு மாத்துங்கன்னு எழுதிக் குடுத்துடுவேன்” என்று ஏப்ரலில் ஒருநாள் சொன்னாள். சுந்தர்ராஜ் அதை வானிலைச் செய்தி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். வேலூரில் வெயில் அடிப்பது ஒரு விஷயமா?

பழைய தகரம் போன மழையிலேயே நாலு இடத்தில் ஒழுகியிருந்தது. எப்படியும் மாற்றியாக வேண்டும். சர்வீஸ் ரோட்டில் கூரைத் தகடு விற்கும் கோதண்டபாணி, நோட்டுப் புத்தக அளவில் நாலு மாதிரித் துண்டுகளைக் கொடுத்தார். ஒன்று காப்பிப் பழுப்பு, மினுமினுப்பே இல்லாத மங்கல் ஃபினிஷ். ஒன்று சாம்பல். ஒன்று வண்ணமே பூசாமல் வெள்ளியாக இருந்தது. கடைசியாகப் பளபளவென்று ஒரு வெள்ளை.

“வெள்ளைய போடுங்க சார். வெயில வந்த வழியே திருப்பி அனுப்பிடும். பளபளன்னு இருக்கறதால தூசும் நிக்காது, ஒரு மழை பேஞ்சா கழுவிடும்” என்றார் கோதண்டபாணி.

சுந்தர்ராஜின் கை அதற்குள் பழுப்பின் மேல் போய்விட்டது. அவர் சொந்தமாகக் கலந்து, முதன்முதலில் பையர் ஒப்புக்கொண்ட நிறமே காப்பிப் பழுப்புதான். பளபளப்பென்றால் அவருக்கு ஆகாது. தோலில் பளபளப்பு ஏற்றுவது எதற்கு? கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் மறைக்கத்தான். நல்ல சரக்குக்கு மங்கல்தான் மரியாதை என்பது அவர் கட்சி. தினமும் ஷாப் பஸ்ஸில் போகும்போது ஹைவேயிலிருந்து தன் வீட்டுக் கூரை மட்டும் தனியாகத் தெரிவதாக அவர் கற்பனை செய்துகூடப் பார்த்துவிட்டார்.

தோல் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. நிறம் முடிவானதும் மாதிரித் துண்டை இரண்டாக வெட்டி, இரண்டு பாதியின் பின்புறமும் பையரிடம் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பாதி அவரோடு போகும், மறுபாதி ஷாப்பில் இருக்கும். அதன்பிறகு யார் தலைகீழாக நின்றாலும் நிறம் மாறாது. ஆர்டர் முடிந்ததும் அந்தக் கையெழுத்தான பாதிகளை சுந்தர்ராஜ் வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் ஆல்பத்தில் ஒட்டி, கல்யாண ஆல்பத்துக்கு மேலே வைத்திருந்தார்.

வீட்டில் பையர் யார்? பொன்மலர்தான். சட்டப்படி நடக்க வேண்டுமே! ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை வார லீவு. அன்று காலை எட்டரைக்கு டூட்டி முடிந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றவளிடம் பழுப்புத் துண்டின் இரண்டு பாதியையும் ஒரு மார்க்கர் பேனாவையும் நீட்டினார். வார்டில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் ஃப்ரிட்ஜ் மேல் அந்தத் துண்டைப் பார்த்தாள் பொன்மலர்.

“இன்னாங்க இது?”

“நீ அப்ரூவ் பண்ண ஷேடு.”

“நான் எப்ப பண்ணேன்?”

“காலைல. பின்னால திருப்பிப் பாரு, சைன் இருக்குது.”

“அப்ப நான் தூங்கிட்டு இருந்தேங்க.”

“நின்னுகினுதான இருந்த?”

“நின்னுகினே தூங்கிட்டு இருந்தேன். உங்களுக்குப் பழுப்பு புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்கடியில படுக்கப்போறது நான்.”

“மலரு, சைன் போட்டா போட்டதுதான். இருபத்திரண்டு வருஷமா நான் அத மாத்தினது கெடையாது.”

வேறொருத்தியாக இருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். பொன்மலர் நர்ஸ். மருந்து வேண்டாமென்று அடம்பிடிக்கும் ஆட்களை ஆயிரம் பார்த்தவள். “சரி, சைன் இருக்கட்டும். நாலு தகட்டையும் ஒருநாள் அட்மிட் பண்ணி அப்சர்வேஷன்ல வெச்சுப் பாத்துடலாம்” என்றாள். கோதண்டபாணி கம்பெனிக்கு அளவு அனுப்ப இன்னும் ஒரு வாரம் இருந்தது. சுந்தர்ராஜுக்குத் தன் பழுப்பின் மேல் அபார நம்பிக்கை. தலையாட்டிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மொட்டைமாடித் தரையில் நாலு ஷூ பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் கூரையாக, கோதண்டபாணியிடம் பெரிதாக வெட்டி வாங்கிய ஒரு தகட்டுத் துண்டு. ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு ஓட்டை போட்டு, எப்சி டீச்சர் பள்ளிக்கூட லேபிலிருந்து கேட்டு வாங்கித் தந்த தெர்மாமீட்டர் சொருகியிருந்தது. பெட் நம்பர் ஒன்று, பழுப்பு. இரண்டு, சாம்பல். மூன்று, வெள்ளி. நாலு, வெள்ளை. பொன்மலர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு சார்ட் தயார் செய்திருந்தாள்.

“மணிக்கொரு தரம் எழுதணும். காலைல பத்துலருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்.”

“யாரு எழுதறது?”

“நீங்கதான். எனக்கு நைட் டூட்டி, உங்களுக்குப் பகல் டூட்டி.”

வெள்ளிக்கிழமை பகலில் சுந்தர்ராஜ் வீட்டில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. மார்க்கெட்டுக்குப் போவார், அப்படியே ஆமிரைப் பிடிப்பார், ஜும்மா தொழுகை முடிந்ததும் இருவருமாகப் பிரியாணிக்கு உட்காருவார்கள். ஆமிர் அவரோடு ஷாப் பஸ்ஸில் போய்வருகிற கூட்டாளி. அன்றைக்கும் போன் வந்தது.

“வர்லியா தோஸ்த்?”

“டூட்டில இருக்கேன்பா.”

“லீவு நாள்ல இன்னா டூட்டி?”

“நாலு பேஷண்டு. சொன்னா உனக்குப் புரியாது, வெச்சுடு.”

பத்து மணிக்கு நாலு பெட்டியும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. பதினொன்றுக்குப் பழுப்பு சூட்டில் முன்னால் ஓட ஆரம்பித்தது. சுந்தர்ராஜ் குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து எழுதினார். பழுப்பு தோற்றாலும் வெள்ளியாவது ஜெயிக்கட்டும், அதில் பெயின்ட் பளபளப்பு இல்லையே என்று மனசுக்குள் கட்சி மாறியும் பார்த்தார். கண்ணைக் கூசவைக்கிற தகடு, கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பியடிக்காதா? பன்னிரண்டு மணிக்கு அதைத் தடவிப் பார்த்தவர் ‘ஐயோ’ என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். மினுக்கிக்கொண்டே சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது அது.

ஒரு மணிக்குப் பழுப்பு ஐம்பத்தாறு டிகிரி. சாம்பல் நாற்பத்தொன்பது. வெள்ளி நாற்பத்தேழு. வெள்ளை நாற்பத்திரண்டு. சுந்தர்ராஜ் தெர்மாமீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பழுப்பிலும் வெள்ளையிலும் இருந்ததை இடம் மாற்றிச் சொருகி, கால் மணி நேரம் காத்திருந்து, அப்படியும் பார்த்தார். அதே கணக்குதான். அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பொய்யாகக் குறிப்பு எழுதினார் என்று மட்டும் சொல்ல முடியாது. உள்ளதை உள்ளபடி எழுதினார்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனார். பொன்மலர் கட்டிலில் இல்லை. தரையில் தண்ணீரைத் தெளித்து, ஒரு துண்டை நனைத்து விரித்து, அதன்மேல் படுத்திருந்தாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றி, தகரத்தின் சூட்டையெல்லாம் வாரி அவள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் நின்ற அரை நிமிஷத்தில் சுந்தர்ராஜின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் கண் திறந்தேதான் இருந்தது.

“தூங்கலியா?”

“துண்டு காஞ்சுடுச்சுன்னா முழிப்பு வந்துடும். எழுந்து நனைச்சிட்டு மறுபடி படுப்பேன்.”

“தெனமுமா?”

“தெனமும்தான்.”

அவர் கீழே உட்கார்ந்தார். அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில், பட்டப்பகல் வெளிச்சத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகக் கறுத்திருந்தது. தொழில் புத்தி, அந்த நிறத்துக்குக் கலவை தேடியது. பழுப்பு, அதில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் கறுப்பு. ஒரே நாளில் வந்த நிறம் இல்லை. சாயம்போல் கோட் மேல் கோட்டாக எட்டு மாசம் ஏறிய நிறம். ஊரான் தோலில் ஒரு சொட்டுச் சிவப்பைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, தன் பெண்டாட்டி முகத்தில் இது தெரியவில்லை. சுந்தர்ராஜுக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது, தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொண்டார்.

“சார்ட் இன்னா சொல்லுது?” என்றாள்.

“பெட் நம்பர் ஒண்ணுக்கு நெலம ரொம்ப மோசம்.”

பொன்மலர் சிரித்தாள். “பரவால்ல, பழுப்பே போட்டுடுங்க. உங்களுக்கு அது எவ்ளோ ஆசைன்னு தெரியும். நான் ஓ.பி.க்குப் போயிடறேன். லெட்டர் எழுதிட்டேன், நாளைக்குக் குடுக்கணும்.”

“லெட்டர கிழி” என்றார் சுந்தர்ராஜ்.

வெளியே போய் கோதண்டபாணிக்கு போன் போட்டார். பழுப்பு வேண்டாம், வெள்ளை என்றார். பளபளா ஃபினிஷ்தானே என்று அவர் கேட்டதற்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதேதான், பளபளா” என்றார். அடியில் கனமாக ஒரு ஃபோம் ஷீட்டும் போடச் சொன்னார். பிறகு ஃப்ரிட்ஜ் மேலிருந்த பழுப்புப் பாதியை எடுத்து, பின்புறம் இருந்த கையெழுத்தை ஆணியால் குறுக்கே கீறினார். ஷாப்பில் இதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

“வெள்ளைய குடுங்க, சைன் போடறேன்” என்று பொன்மலர் எழுந்து வந்தாள்.

“இப்ப வேணாம். தூங்கி எழுந்து போடு.”

“எங்க தூங்கறது?”

“அதான் சொல்றேன். கூர வரட்டும், அதுக்கடியில தூங்கு, எழுந்து போடு.”

கையெழுத்து வாங்காமல் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தது சுந்தர்ராஜ் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மே மாசம் மூன்றாவது வாரம் கூரை ஏறியது. ஹைவேயிலிருந்து பார்த்தால் வீடு மருந்துப் பெட்டி மாதிரி இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த ஆமிர், “இன்னா தோஸ்த், வூட்டுக்கு பேண்டேஜ் சுத்திட்டியா?” என்று கேட்டார். சுந்தர்ராஜ் ஜன்னல் வழியே அந்தப் பளபளப்பைப் பார்த்தார். கண்ணை ஒரு நொடி மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரியாணிக்கு அழைக்க ஆமிர் நேரிலேயே வந்து, படியேறும்போதே “சுந்தர்!” என்று குரல் கொடுத்தார். சுந்தர்ராஜ் பாய்ந்துவந்து அவர் வாயைப் பொத்தாத குறை. வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீன்காரம்மாவை ஜாடையிலேயே கீழே திருப்பி அனுப்பினார். கூரியர்காரர் பெல்லில் கை வைப்பதற்குள் இறங்கிப் போய் வாங்கினார். ஆமிருக்கு ஒரே பேஜார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. உள்ளே சத்தமே இல்லை. சுந்தர்ராஜ் பயந்துபோய் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பொன்மலர் கட்டிலில், காய்ந்த விரிப்பின்மேல், வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்கு எழுந்து வந்தாள். தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

“மணி இன்னாங்க? ஏன் எழுப்பல? டூட்டிக்கு நேரமாவுது!”

“இன்னும் டைம் இருக்குது. மூஞ்சி கழுவிட்டு வா, வேல ஒண்ணு பாக்கி.”

அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பட்டை இருந்தது. ஒரு கோட் குறைந்திருந்தது, அது அந்தக் கண்ணுக்குத்தான் தெரியும்.

பிறகு வெள்ளைத் துண்டின் இரண்டு பாதியையும் மார்க்கரையும் நீட்டினார். பொன்மலர் இந்தத் தடவை துண்டைத் திருப்பிப் பார்த்து, தடவிப் பார்த்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பாதியை அவரிடம் கொடுக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டு அடியில் ஒரு வரி எழுதினாள்.

அவள் டூட்டிக்குக் கிளம்பிப் போனபின் சுந்தர்ராஜ் ஆல்பத்தை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துப் பழுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு பக்கத்தைக் காலி செய்து, பளபளக்கும் அந்த வெள்ளைத் துண்டை ஒட்டினார். நிறம் உள்பக்கம் போய்விட்டது. பின்புறத்தைத்தான் வெளியே தெரிய வைத்து ஒட்டியிருந்தார். கையெழுத்துக்குக் கீழே, விடியற்காலை ரிப்போர்ட்டில் எழுதுகிற அதே கோணல் எழுத்தில், ‘ஸ்லெப்ட் வெல்’ என்று இருந்தது.