பக்கத்தில் நின்றவள்

"மரம்! மரம்!" என்று கத்தினாள் டீமிலிருக்கும் பல் டாக்டர். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். மைதானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் காரை பெயர்ந்த நீளமான சுவர், நடுவில் பாதிப் புல்லும் பாதி மண்ணும். நான் மரத்தைத் தேடி முடிப்பதற்குள் தட்டு என் தலைக்கு மேலே பறந்துபோய் யார் கைக்கோ சேர்ந்துவிட்டது. புது டீமில் அதுதான் என் முதல் நாள்.

ஃபிரிஸ்பீ தட்டை வைத்து ஏழு பேருக்கு ஏழு பேர், ஆணும் பெண்ணும் கலந்து ஆடுகிற ஆட்டம் இது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, எறிந்துதான் கொண்டுபோக வேண்டும். எதிரணியின் கடைசிக் கட்டத்துக்குள் யாராவது பிடித்தால் ஒரு பாயிண்ட். "வீட்டுல தட்டு கழுவச் சொன்னா உடம்பு வணங்காது, வெளில போய் தட்டு எறியத் தெரியுது" என்று அம்மா போனில் சொல்வாள். முப்பத்து நாலு வயதில் எதற்கு இது என்று அவள் கேட்காமல் கேட்கிற கேள்வி அது. அவளுக்கு என்ன பதில் சொல்வது? வேலை மாறி வந்த இந்த ஊரில், ஆஸ்பத்திரிக்கு வெளியே என்னோடு பேசுகிற ஒரே மனுஷி காலையில் பால் போடுகிறவள்தான். அதுவும், "பாட்டிலை எடுத்து வைங்க" என்பதோடு சரி.

மைதானத்தின் எந்தப் பக்கம் தட்டு வரும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒவ்வொரு டீமும் இரண்டு சொல் வைத்திருக்கும். இங்கே ஒரு பக்கம் ரோடு, சுவர்ப் பக்கம் மரம். அங்கே நின்ற மரத்தை வெட்டி இரண்டு வருஷம் ஆகிறதாம். மரம் போனாலும் சொல் போகவில்லை. புதிதாக வருகிறவள் இல்லாத மரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது போதாதென்று இன்னொரு தலைவலி. என் பழைய டீமில், எந்தப் பக்கத்தின் பெயரைச் சொல்கிறார்களோ அந்தப் பக்கம் தட்டு வராது, அதை மறித்தாயிற்று என்று அர்த்தம். இங்கே, சொல்கிற பக்கம்தான் தட்டு வரும். மூளைக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. காலுக்குத்தான் புரியவில்லை. எட்டு வருஷம் ஓடிய கால், கத்தல் கேட்டதும் தன்பாட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ளும். டீமில் ஒவ்வொருவருக்கும் வேலையையோ உருவத்தையோ வைத்து ஒரு பட்டப்பெயர் உண்டு, மூன்று மாதமாக என்னை மட்டும் எல்லோரும் "புதுசு" என்றே கூப்பிட்டார்கள். "புதுசு, இந்த ரவுண்டு நீ உட்காரு." "புதுசு, தண்ணி பாட்டில் உன் பக்கத்துல இருக்கா?" தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்ததே என் பெரிய தகுதி. ஒட்டகம் மட்டும்தான் ஆட்டம் தொடங்குமுன் தானாக வந்து என்னோடு தட்டு எறிந்து பழகுவான். கணக்கு வாத்தியார், ஆறடிக்கு மேலே உயரம். "கவலப்படாதீங்க, நானே ஒரு வருஷம் பெஞ்சுலதான் இருந்தேன்" என்பான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அலாரம் அடிக்குமுன் எழுந்திருக்கிறேன்.

பழைய டீமை நான் விட்டுவந்த கதையை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. இடித்தால் இடித்தவன் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் பக்கத்தில் நின்றவரைக் கேட்பார்கள், அவர் எந்த டீமாக இருந்தாலும் கண்டதைச் சொல்ல வேண்டும். எழுதிவைத்த விதி இருக்கிறது, ஆனால் அதை நிறைவேற்ற ஒரு போலீஸ்காரன்கூடக் கிடையாது. ஒன்றரை வருஷத்துக்கு முன் டீமுக்குள்ளேயே ஆடிய பயிற்சி ஆட்டத்தில், எங்கள் கேப்டன் பின்னாலிருந்து வந்து என்னை முட்டித் தள்ளினான். கழுத்துக்குக் கீழே காறை எலும்பு இரண்டாக உடைந்தது. நான்தான் குறுக்கே வந்ததாக அவன் சொன்னான். பக்கத்தில் நின்றவள் என் தோழி, ஆறு வருஷம் ஒரே அறையில் என்னோடு தங்கியிருந்தவள். அவளைக் கேட்டார்கள். "நான் பார்க்கல. தட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றாள். எலும்பு ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் போட்டதில் சேர்ந்துவிட்டது. அவளோடு நான் அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த மாதிரி ஆள் நானில்லை என்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் பெரிய போட்டிக்குப் போகலாம். மூன்று வருஷமாக இதே சுற்றில் தோற்ற டீம் இது. இரண்டு பெண்கள் காய்ச்சலில் படுத்ததால் எனக்கு இடம் கிடைத்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து நின்றது. அடுத்த பாயிண்ட் எடுப்பவர்களுக்கு ஆட்டம். தட்டு எதிரணி கையில். நான் மறிக்க வேண்டியவள் ஒரு காலேஜ் பெண், இருபது வயது இருக்கும், முட்டியில் பழைய சிராய்ப்பு. இடைவேளையில் என்னிடம் வந்து, "அக்கா, உங்ககிட்ட ஒரு ரப்பர் பேண்ட் இருக்குமா?" என்று வாங்கி முடியைக் கட்டிக்கொண்டவள்.

"மரம்!" என்று கத்தினாள் பல் டாக்டர்.

என் கால் ரோட்டுப் பக்கம் போய்விட்டது. அந்தப் பெண் சுவர்ப் பக்கமாகப் பறந்தாள். தட்டும் அங்கேதான் போனது. நான் மூன்றடி பின்னால், துரத்தியும் பிரயோஜனமில்லை. அவள் கடைசிக் கட்டத்துக்குள் எழும்பினாள். அப்போதுதான் குறுக்கே ஒட்டகம் வந்தான், நான் விட்ட ஓட்டையை அடைக்க. குதிக்குமுன் அவன் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் எங்கே இருக்கிறாள் என்று நன்றாகத் தெரிந்து, அதற்குப் பிறகும் குதித்தான். அவன் தோள் அவள் தோளில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

தட்டு யார் கைக்கும் சிக்காமல் மண்ணில் விழுந்தது. அவள் கத்தவில்லை. ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் டீம் ஓடிவந்தது. "ஃபவுல், பாயிண்ட் எங்களுக்கு" என்றார்கள். ஒட்டகம் வெளிறிப்போய், "சத்தியமா அவங்களப் பார்க்கல. தட்டு மேலதான் கண்ணு" என்றான். அவர்களுடைய கேப்டன், மூக்குக் கண்ணாடியை நாடா போட்டுக் கட்டிய மனிதர், கோபப்படாமல் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. நீங்க சொல்லுங்க, நாங்க ஏத்துக்கறோம்."

பன்னிரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன. பல் டாக்டர் இடுப்பில் கைவைத்து நின்றாள். ஒட்டகம் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். கீழே உட்கார்ந்திருந்தவள் மட்டும் நிமிர்ந்து நம்பிக்கையோடு பார்த்தாள். நான் தப்பான பக்கம் நின்றதால்தான் இவ்வளவும் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் டீம் நாலாவது வருஷமும் தோற்கும், என்னால். அடுத்த ஞாயிறு அலாரம் அடிக்கும், எனக்குப் போக இடம் இருக்காது.

"நான் பார்க்கல" என்றேன். "தட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

வார்த்தை பிசகாமல் அதே வாக்கியம். வெளியே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பும். அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக யாரோ காருக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அவர்கள் அடுத்து எறிந்தது தரையில் விழுந்தது, நாங்கள் நாலு எறியில் பாயிண்ட் எடுத்தோம். முடிந்ததும் வழக்கம்போல இரண்டு டீமும் கலந்து, தோளில் தோள் கைபோட்டு வட்டமாக நின்றோம். கண்ணாடி கட்டிய கேப்டன், "நல்லா ஆடினீங்க" என்றார். பல் டாக்டர் என் இடது தோளில் கைபோட்டிருந்தாள், தகடு இருக்கிற இடத்தில். மூன்று மாதத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வட்டம் கலைந்ததும், "ஏய் எக்ஸ்ரே, போட்டோவுக்கு வா" என்று என் வேலையை வைத்துக் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் பெரிய வெட்கம். ஒட்டகம் மட்டும் போட்டோவில் இல்லை. சுவர்ப் பக்கம் போய்த் தனியாக ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

எனக்கு மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி. அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எங்களுடையது ஒன்றுதான். குளித்து, உடை மாற்றி, ஒவ்வொரு சிக்னலிலும் அதை நினைத்துக்கொண்டேதான் போனேன். லீவு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நர்ஸ் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுச் சீட்டை மேஜையில் வைத்துப் போனாள். சீட்டில், இடது காறை எலும்பு என்று எழுதியிருந்தது.

அவள் முடியில் இன்னும் என் ரப்பர் பேண்ட். கன்னத்தில் மைதானத்து மண். அவளைத் தாங்கி எழுப்பி எக்ஸ்ரே பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். என் கை பழக்கத்தில் சரியாகத்தான் வேலை செய்தது.

"அக்கா, வேல இங்கயா?"

"ம். தாடைய அந்தப் பக்கம் திருப்பிக்கம்மா."

திருப்பினாள். பிறகு சுவரைப் பார்த்தபடி கேட்டாள். "நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். வகுப்பில் புரியாத பாடத்தைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஆடாம நில்லும்மா" என்றேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனேன். மைக்கை அழுத்தினேன். "மூச்ச நல்லா இழுத்து அப்படியே பிடிங்க." ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்கிற வாக்கியம். அவள் நெஞ்சு உயர்ந்து நின்றது. பட்டனை அழுத்தினேன். திரையில் படம் வந்தது. என்னுடைய படத்தில் பார்த்த அதே இடம், ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறி. மூன்றாவது ஸ்க்ரூ எங்கே வரும் என்றுகூட என்னால் சொல்ல முடியும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

நிமிர்ந்தபோது அவள், நான் சொன்னதைக் கேட்காமல், முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தாள். கண் சிவந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, இன்னமும் மூச்சைப் பிடித்தபடியே நின்றாள். விடுங்க என்று நான் சொல்லியிருக்கவில்லை.